தெரியல டீச்சர்

எங்கள் சோடா கம்பெனிக்கு வருகிறவர்கள் சோடா கேட்பார்கள், கலர் கேட்பார்கள். கல்யாண வீடு என்றால் பெட்டி பெட்டியாகக் கேட்பார்கள். சோடாவில் ஏற்றுகிற கேஸை மட்டும் கேட்டு வந்தது அந்த டீச்சர் ஒருவர்தான்.

சின்னமனூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்பக்கம் கம்பெனி, பின்பக்கம் நாங்கள். கம்பெனி என்பது பேருக்குத்தான். ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பாட்டில் கழுவுகிற தொட்டி, அவ்வளவுதான். பாட்டில் கழுவுவது நான். நடுவில் ஒரு துணித்திரை தொங்கும். வெளி ஆள் வந்தால் நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவேன். அதனால் டீச்சரின் குரலைத்தான் முதலில் கேட்டேன்.

"அண்ணாச்சி, கேஸ் மட்டும் தருவீகளா?"

"தரலாம். எதுல வாங்கிட்டுப் போவீக? மஞ்சப்பையிலயா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"கொண்டுபோக வேணாம். இங்கனயே ஒரு தொட்டியில கடல்தண்ணி வச்சுக்கிறேன். அதுல ஒவ்வொரு குமிழியா விட்டாப் போதும்."

"கடல்தண்ணியில சோடாவா? எவன் குடிப்பான் தாயி?"

"குடிக்கிறதுக்கில்ல."

"விட்டா என்ன ஆகும்?"

"தெரியல அண்ணாச்சி. அதப் பாக்கத்தான் கேக்குறேன்" என்றார்.

படித்தவர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. திரையை லேசாக விலக்கிப் பார்த்தேன். ஒல்லியான பெண். தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. கையில் வைத்திருந்த சோடாவைக் குடிக்காமல், உள்ளே மேலே ஏறுகிற குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேனி தனி ஜில்லாவாகி இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும். டீச்சருக்கு வடுகபட்டிப் பக்கம். விலங்கியல் படித்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். அங்கே பவளப்பாறைதான் அவருடைய வேலை. அந்த வேலைக்குக் காலக்கெடு முடிந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்து வந்துவிட்டார். கல்லூரியில் பாடம் எடுத்தாலும் எங்கள் ஊரில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். கேஸ் கேட்டு வந்தவர், இடம் பிடித்துப்போய் எங்கள் மாடி அறைக்கே குடிவந்தார். அண்ணாச்சி சித்தப்பா ஆனார். நான் சித்தி ஆனேன். எங்களோடு இருந்த என் நாத்தனார் அத்தை ஆனாள்.

'தெரியல டீச்சர்' என்று பேர் வைத்தது நாத்தனார்தான். பிறகு பஸ் ஸ்டாண்டு முழுவதும் அந்தப் பேர் பரவிவிட்டது.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் தினமும் எங்கள் கடைக்கு வருவார். பழம் பழுத்து நிற்கிற நேரத்தில் மழை என்றால் அத்தனையும் வெடித்துப் போகும். "டீச்சர், சயின்ஸ் படிச்சிருக்கீக. இன்னைக்கு மழ வருமா?" என்பார். டீச்சர் வெளியே இறங்கிப் போய் அண்ணாந்து பார்ப்பார். "மேகமலையில இருட்டியிருக்கு. இங்கன காத்து மேற்க இருந்து வருது. மழ வருமான்னு தெரியல" என்பார். "இதச் சொல்றதுக்கா வெயில்ல போயி நின்னீக?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். மறுநாளும் வந்து கேட்பார்.

டீச்சரைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். டீச்சரின் அம்மா வந்திருந்தார். கேசரி கிண்டியது நான். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாகக் கேட்டார், "சமையல் தெரியுமா தாயி?"

"சோறு வடிப்பேன். மீன்குழம்பு வச்சுப் பாத்தேன், நல்லா வரல."

"அதெல்லாம் பழகிரும். எங்க புள்ளயப் பிடிச்சிருக்கா?"

"இப்பத்தான பாக்குறேன். தெரியல."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அவருடைய அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். டீச்சரின் அம்மா அடுப்படிக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். "பிடிச்சிருக்குன்னு சொன்னா வாயி வெந்தா போயிரும்?" என்றார். டீச்சர் அந்த அரைக் கேசரியையும் சேர்த்துத் தின்றுவிட்டு மாடிக்குப் போனார்.

கடல்தண்ணீர் வந்தது கருவாட்டு வேனில். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து தேனி மார்க்கெட்டுக்குக் கருவாடு ஏற்றி வருகிற வேன்காரர், கேனில் தண்ணீரை அடைத்துக் கொண்டுவந்து தருவார். "கருவாட்டுக்குக் காசு குடுத்தவுகளப் பாத்திருக்கேன், கடலுக்குக் காசு குடுக்கிறது நீங்க ஒருத்தருதான்" என்பார். மெஷினுக்குப் பின்னால் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். இரண்டிலும் அந்தத் தண்ணீர். இரண்டிலும் சுண்ணாம்புக்காரரிடம் வாங்கிய கிளிஞ்சல். ஒன்றில் மட்டும் மெல்லிய குழாய் வழியாக எங்கள் கேஸ், ஒவ்வொரு குமிழியாக. பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து வரக்கூடாது, அதனால்தான் கிளிஞ்சல் என்றார். இரண்டும் சுண்ணாம்புச் சாதிதான்.

நாத்தனார் வெற்றிலை போடுவாள். ஒரு நாள் அவள் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தபோது டீச்சர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"அத்தை, பவளப்பாறைங்கிறது இதுதான். மிளகளவு உசுரு. தண்ணியில இருந்து சாமான எடுத்து, தன்னச் சுத்திச் சுண்ணாம்பா வீடு கட்டிக்கிரும். அது மேல அது, அது மேல அதுன்னு கட்டிக் கட்டித்தான் அம்புட்டுப் பெரிய பாறை. முன்னால அதையே வெட்டிச் சூளையில போட்டுச் சுண்ணாம்பா எரிச்சிருக்காக."

"அதுக்கும் எந்தம்பி கேஸுக்கும் என்ன சோலி?"

"இதே கேஸுதான் லாரிப் புகையிலயும் மில்லுப் புகையிலயும் வருது. காத்துல கூடக்கூட, கடலு கொஞ்சத்தக் குடிச்சுக்கிருது. குடிச்சா லேசாப் புளிப்புப் பக்கம் போகும். நாக்குல தெரியாது, உப்புத்தான் கரிக்கும். ஆனா வீடு கட்டுற சாமான் தண்ணியில கொறைஞ்சுரும்."

"அப்பக் கரைஞ்சு செத்துப்போகும்னு சொல்லு."

"அப்படிச் சொல்ல முடியாது. அங்கன இருந்தப்ப நான் பாத்தது, கட்டுறத நிறுத்தல. மெதுவாக் கட்டுது. ஒரு சாதி ரொம்பத் திணறுது, இன்னொரு சாதி அம்புட்டுத் திணறல. தீனி நல்லாக் கெடைச்சா கொஞ்சம் தாக்குப்பிடிக்கிது. குஞ்சுதான் பாவம், ஒட்டி உக்கார எடம் தேடும். புளிச்ச தண்ணியில உக்கார்றது கம்மியாகுது."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். கோடையில் குழாயில் தண்ணீர் வராதபோது வாய்க்கால் வரை போய்க் குடம் தூக்கி வருவோம். அன்றைக்கும் வீட்டில் சோறு பொங்கும், குழம்பு கொதிக்கும், குறை ஒன்றும் தெரியாது. துணி மட்டும் துவைக்காமல் கிடக்கும், கிழிந்தது தைக்காமல் கிடக்கும். அந்தப் பவளமும் அப்படித்தானோ என்று தோன்றியது. கேட்கவில்லை. டீச்சரிடம் நான் கேள்வி கேட்டதே கிடையாது. அந்தக் காலத்தில் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் டீச்சருக்குக் கடற்கரை நிலையத்திலிருந்து ஒரு வழி திறந்தது. பவளத்தை வைத்து இதே ஆராய்ச்சியைப் பெரிதாகத் தொடங்கப்போகிறார்கள், அதற்கு ஒரு ஆள் வேண்டும். டீச்சர் எழுதிப் போட்டிருந்தார். கல்லூரியில் கண்காட்சி நடக்கிற அன்றைக்கு அங்கிருந்து பெரியவர்கள் வந்து டீச்சரின் தொட்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கல்லூரி சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்பும். பிடிக்காவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். "ஒரே எடந்தான் சித்தப்பா. இது போச்சுன்னா அடுத்து எப்பன்னு தெரியல" என்றார். போக ஆசையா என்று நாத்தனார் கேட்டதற்கு, "போனா அங்கன நெசப் பவளம் இருக்கும்" என்றார். அது பதிலா இல்லையா என்று எங்களுக்குப் புரியவில்லை.

தொட்டிகளையும் வாடகைக்கு எடுத்த இன்னொரு சிலிண்டரையும் முன்கூட்டியே கல்லூரிக்கு ஏற்றி வைத்தோம். அந்தச் சமயம் பார்த்து டீச்சரைப் பரீட்சைப் பேப்பர் திருத்த மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். "சித்தப்பா, கொமுழி நிக்காமப் பாத்துக்கங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்து வந்தார். முதல் நாள் வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கடக்கரையில இருந்து பெரிய பெரிய ஆளுகள்லாம் வர்றாக. நம்ம கேஸு என்னடான்னா சாகக் கெடக்கிறவன் மூச்சு மாதிரி ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு விடுது. பாக்கிறவுக என்ன நெனப்பாக? சின்னமனூர்ச் சோடா இம்புட்டுத்தானான்னு கேக்க மாட்டாகளா?"

"அந்தப் புள்ள அப்பிடித்தான சொல்லிட்டுப் போச்சு" என்றேன்.

"அது சும்மா, எங்கிட்ட கேஸக் கூடக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்லியிருக்கும்."

மறுநாள் போய் வால்வைத் தாராளமாகத் திறந்துவிட்டார். அவர் தொழிலில் அதுதான் மரியாதை. பாட்டிலைத் திறந்தால் பொங்க வேண்டும். பொங்காத சோடாவை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

கண்காட்சி அன்றைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க சோடாப் பெட்டியோடு நானும் போனேன். அறைக் கதவுக்குப் பின்னால் பெட்டியோடு நின்றுகொண்டேன். டீச்சர் மதுரையிலிருந்து முதல் பஸ் பிடித்து நேராக அங்கே வந்தார். தொட்டி கொதிக்கிற உலை மாதிரி இருந்தது.

"எப்பிடிப் பொங்குது பாத்தீகளா?" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

டீச்சர் புளிப்புப் பார்க்கிற ஒரு துண்டுக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து அதன் நிறத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கிளிஞ்சலை எடுத்தார். ஓரம் காகிதம் போல மெலிந்திருந்தது. அழுத்தினார், உடைந்தது. விரலெல்லாம் வெள்ளை மாவு. கோபப்படவில்லை. வால்வைத் திருகி மூடினார். சத்தம் நின்றது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு என்ன செய்தோம் என்று விளங்கியது.

பிரின்ஸிபால் அம்மா உள்ளே வந்தார். உடைந்த கிளிஞ்சலைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அருமை! இதப் பாத்தா சின்னப்புள்ளைக்கும் புரியும்" என்றார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். அந்தம்மா குரலைத் தாழ்த்தி, "நீயா எதுவும் சொல்லாத. கேட்டா மட்டும் சொல்லு. நீ அங்கன போகணும்ல?" என்றார்.

வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடி போட்டவர். கிளிஞ்சலை எடுத்து அழுத்திப் பார்த்தார், உடைந்தது. பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். "நல்லா வந்திருக்கே" என்றார். அவர் எதையும் கேட்கவில்லை.

"இல்ல சார்" என்றார் டீச்சர். "இது கடல் இல்ல, சோடா."

"என்னம்மா?"

"வால்வு கூடத் தெறந்திருந்துச்சு. கடலு எந்தக் காலத்துலயும் இம்புட்டுப் புளிப்பாகாது. இத வச்சுப் பவளத்துக்கு இப்பிடித்தான் ஆகும்னு சொல்ல முடியாது."

"சரி, இதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?"

"கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. எடை நிறுத்துப் பாக்கிறதுக்குள்ள இப்பிடி ஆயிருச்சு."

"அப்ப எங்களுக்குக் காட்ட என்னதான் இருக்கு?"

"இந்தத் தொட்டியில ஒண்ணுமில்ல சார்."

வால்வைத் திறந்தது யார் என்று அவர் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. சோடா குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று தகவல் வந்தது.

வீட்டுக்காரர் அன்றைக்கு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "பேசாம இருந்திருந்தாப் போயிருப்பீகளே தாயி. நான் செஞ்ச கூத்து ஒரு பக்கம், நீங்க ஏன் வாயத் தெறந்தீக?"

"போயி அங்கனயும் இதையேதான சொல்லணும் சித்தப்பா. சாப்பிட வாங்க."

நாத்தனார் வேறு விதமாகச் சொன்னாள். "அவளுக்குப் போக ஆசையே இல்ல. ஆசை இருக்கிறவ இப்பிடிக் கெடுத்துக்கிருவாளா?" எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வருஷக்கணக்காக இருந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்து ஆசை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வாரமே வால்வில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, "சித்தப்பா, இதுக்கு மேல போகக் கூடாது" என்று திரும்பவும் தொடங்கிவிட்டார். அந்தக் கோட்டை வீட்டுக்காரர் சாமி மாதிரி காத்தார்.

மே மாத லீவு வந்ததும் டீச்சர் கடற்கரைக்குப் போவார். அவர் இடத்தில் வேறு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்ததே, அங்கேதான். சம்பளம் கிடையாது. தொட்டி கழுவிக் கொடுப்பது, தண்ணீர் மாற்றுவது. "வெக்கமா இல்லையாடி?" என்று நாத்தனார் கேட்டாள். "அந்தப் புள்ள நல்லாத்தான் பாக்குது அத்தை. தொட்டி கழுவத்தான் ஆள் பத்தல" என்றார்.

நாத்தனார் படுக்கையில் விழுந்த வருஷம், ஜூனில் திரும்பி வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து கதை சொன்னார். புளிப்புத் தண்ணீரில் இருந்த பவளமும் நல்ல தண்ணீரில் இருந்த பவளமும் மேலே பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருந்ததாம். அதே நிறம், அதே உயரம். வெட்டிப் பார்த்தபோதுதான் ஒன்றின் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்ததாம். வேறொரு தேசத்தில் ரொம்பவும் புளித்த தண்ணீரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கூடு முழுக்கக் கரைந்துவிட்டது. உள்ளே இருந்த உயிர் மட்டும் வெறும் உடம்போடு கிடந்தது. பழைய தண்ணீரில் திரும்ப விட்டதும் மறுபடியும் கட்டத் தொடங்கிவிட்டதாம்.

நாத்தனாருக்கு முகம் மலர்ந்தது. "அப்பப் பொழச்சுக்கிரும்!"

"அது கண்ணாடித் தொட்டி அத்தை. கடல்ல வெறும் உடம்பாக் கெடந்தா மீன் விட்டுவைக்குமான்னு தெரியல."

"ஏன்டி, ஒரு நல்ல வார்த்தைய முழுசாச் சொல்ல மாட்டியா?"

பிறகு நாத்தனார் கேட்டாள், "சரி, நான் எந்திரிச்சிருவேனா?"

நாங்கள் எல்லாரும் அதற்கு ஆமாம் என்றே சொல்லிவந்தோம். டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "தெரியல அத்தை. நேத்துக் கஞ்சிய மிச்சம் வச்சீகளாம். இன்னைக்குப் பூராவும் குடிச்சிருக்கீக. அது தெரியும்."

பார்க்க வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் அடுப்படிக்கு வந்து கொதித்தார்கள். "சாகக் கெடக்கிறவகிட்டப் பேசுற பேச்சா இது?" எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் நாத்தனார் அன்றிலிருந்து கஞ்சி குடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "அவகிட்டச் சொல்லு" என்பாள். டீச்சர் சொல்வதைத்தான் கடைசி வரை நம்பினாள். தீபாவளிக்கு முன்னால் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டொரு வருஷம் கழித்து, கடற்கரையில் இருந்த பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது. தொட்டி கழுவ வருகிற ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று நிலையத்தில் டீச்சரையே கேட்டார்கள். இந்த முறை கல்லூரி சம்பளம் தரவில்லை, லீவு மட்டும் தந்தது. டீச்சர் மாடி அறையைக் காலி செய்தார்.

பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப நின்றோம். திராட்சைத் தோட்டக்காரர் வந்திருந்தார். "எப்பத் திரும்பி வருவீக டீச்சர்?" "தெரியல." "இதையும் உங்ககிட்டப் போயிக் கேட்டேன் பாருங்க!" என்று அவர் சிரித்தார். வீட்டுக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார், பொங்கி டீச்சரின் கையெல்லாம் நனைந்தது. வீட்டுக்காரர் காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு தோட்டக்காரரோடு கடைப் பக்கம் போனார். நானும் டீச்சரும் மட்டும் நின்றோம்.

அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. "அங்கன போக உங்களுக்கு ஆசையா டீச்சர்?"

டீச்சர் அண்ணாந்து பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"ஆமா சித்தி. வந்த நாள்ல இருந்தே."

இதற்குப் பின்னால் ஒரு 'ஆனா' வரும் என்று காத்திருந்தேன். பஸ்தான் வந்தது.